மூன்று மணிச் சாப்பாடு

என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. மெல்பர்னில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஹைதராபாத்தில், அதுவும் பாதுகாப்புத் துறை லேப்கள் இருக்கிற காஞ்சன்பாக் பக்கம், யாரும் இதைக் கேட்பதே இல்லை. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் அப்பா என்ன செய்கிறார் என்று தெரியாது. “லேப்ல இருக்காங்க” என்போம், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் படிவத்தில் ‘அரசுப் பணி’ என்று எழுதுவோம். அதற்கு மேல் கேட்கிற டீச்சர் ஊருக்குப் புதிதாக வந்தவராகத்தான் இருப்பார்.

அப்பா அடிக்கடி டூர் போவார். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று அவரும் சொல்ல மாட்டார், அம்மாவும் கேட்க மாட்டாள். ஸ்வெட்டர் வைக்கட்டுமா என்று மட்டும் கேட்பாள். தலையாட்டினால் குளிர்கிற இடம், கையை அசைத்தால் வெயில். திரும்பி வந்ததும் அவருடைய ஷூவைக் கொல்லைப்புறம் எடுத்துப்போய்த் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவாள். சில சமயம் கடல் மணல் கொட்டும், சில சமயம் சிவப்புப் புழுதி. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கூட்டித் தள்ளிவிட்டு உள்ளே வந்து காபி போடுவாள். ஒருதடவை ஆர்வம் தாங்காமல், அப்பா கடலுக்கா போனார் என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள். எட்டு வயசு எனக்கு. அந்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

அதற்காக அப்பா வாயே திறக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். கிரிக்கெட் பேசுவார். திருநெல்வேலித் தண்ணீரில் சோறு வேகிற அழகையும் இந்த ஊர்த் தண்ணீரில் அது வேகிற லட்சணத்தையும் பற்றி அரை மணி நேரம் பேசுவார். வேலையைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார். இன்னொரு பழக்கமும் உண்டு. சரியாக ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டும். ஒரு மணிக்கு லேப் சங்கு ஊதும், அது அடங்குவதற்குள் ஸ்கூட்டர் வாசலில் நிற்கும், அவர் கை கழுவி உட்காரும்போது தட்டில் சோறு விழ வேண்டும். ரிடையர் ஆகி சைனிக்புரியில் வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு சங்கும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. ஆனால் ஒரு மணிக்குத் தட்டில் சோறு விழுந்தாக வேண்டும். ஒன்று ஐந்து ஆனால் மனுஷன் முகம் சுருங்கிவிடும்.

என்னைக் கல்யாணம் செய்துகொண்டவன் செகந்திராபாத்துக்காரன். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பம். நாங்கள் பேசுவது திருநெல்வேலி என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் வீட்டில் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்று அவர்களுக்கே தெரியாது. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. அவன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய், வேலை கிடைத்து, அந்த நாட்டுக் குடிமகனும் ஆகியிருந்தான். அதனால் எனக்கு அங்கே போக வழி அவனுடைய கல்யாணப் பெண்டாட்டி என்பது மட்டும்தான். முதலில் தற்காலிக விசா தருவார்கள். இரண்டு வருஷம் கழித்து, கல்யாணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரந்தர வசிப்புரிமை தருவார்கள். என் மண்டையில் இது முதலில் ஏறவே இல்லை. தாலி கட்டியாச்சு, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

முதல் விசாவுக்கே எங்கள் இருவரிடமும் தனித்தனியாகத் தொலைபேசியில் விசாரித்தார்கள். ஒரு பெண் அதிகாரி. குரலில் நல்ல மரியாதை. அவனிடம், உங்கள் மாமனார் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறாள். தெரியாது என்று சொல்லியிருக்கிறான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறதே, மனைவியின் அப்பா என்ன செய்கிறார் என்றுகூடத் தெரியாதா என்றிருக்கிறாள். அவன் மறுபடியும், அரசாங்க வேலை, அதற்கு மேல் தெரியாது என்றிருக்கிறான். போச்சு, குட்டிச்சுவர் ஆக்கிவிட்டோம் என்று பயந்து எனக்கு ஃபோன் போட்டால் என் லைன் பிஸி. ஏனென்றால் அதே நேரம் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று. நானும் சத்தியமாகத் தெரியாது என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பதில்கள் பொருந்துகின்றன என்றாள்.

அப்படித்தான் விசா வந்தது. மெல்பர்ன் போனேன். ஒன்றேகால் வருஷம் ஒரு சின்ன ஃப்ளாட்டில் நானும் அவனும் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தோம். ஜனவரி மாதம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அப்பா ஃபோன் செய்தார். எங்கேயும் எதையும் சொல்லாத மனுஷன், தானாக ஃபோன் செய்து சொல்கிறார் என்றால் எப்படி இருந்திருக்கும் பாருங்கள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கிளம்பி வந்தேன். மார்ச் கடைசியில் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் போக டிக்கெட் பார்த்தேன். அன்றைக்கு அடுப்படிக்குப் போனால், அப்பா பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த பர்னர் என்று யோசித்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருஷம் ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்ட ஆளுக்கு அந்தச் சோறு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். அப்புறம் இன்னும் ஒருதடவை தள்ளிப்போட்டேன். அப்படியே நான் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

அம்மா போனதிலிருந்து என் சாப்பாட்டு நேரம் மாறிப்போயிருந்தது. அப்பாவுக்கு ஒரு மணிக்குப் பரிமாறிவிட்டு, எனக்குப் பசிக்கவில்லை என்பேன். மூன்று மணிக்கு மெல்பர்னில் ஏழரை. அவன் வேலை முடிந்து வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவான். ஃபோனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்து நான் மதியச் சாப்பாடு, அவன் ராத்திரிச் சாப்பாடு. பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். அவன் வைத்த பருப்பு ஏன் அந்தக் கலரில் இருக்கிறது, பால்கனித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினாயா, இவ்வளவுதான். அப்பா அந்த நேரம் ஹாலில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செப்டம்பரில் மெயில் வந்தது. இரண்டு வருஷம் முடிகிறது, ஆனால் இருவரும் எட்டு மாதமாக வெவ்வேறு நாட்டில் இருக்கிறீர்கள், உறவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றிருந்தது. இருபத்தெட்டு நாள் அவகாசம். ஆதாரம் போதாது என்று தோன்றினால் நிரந்தரம் கிடையாது. கையிலிருந்த தற்காலிகமும் அத்தோடு போய்விடும். அப்புறம் நான் அவனுடைய வீட்டுக்கே விருந்தாளியாகத்தான் போக வேண்டும். கல்யாணமானவள் நான், அவனோடு வாழ்கிறேன் என்று யாரோ ஒருத்தருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

போட்டோ வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் போட்டோவுக்கு எங்கே போவது? குவார்ட்டர்ஸில் வாசலில் நின்று கேமராவை எடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஆல்பத்தில் என் முதல் பிறந்த நாளிலிருந்து மறுவீட்டு விருந்து வரை எல்லாம் ஒரே பச்சை பீரோவுக்கு முன்னால். என் கணவனும் முதல்முறை வந்தபோது அந்த பீரோவுக்கு முன்னால்தான் நிறுத்தப்பட்டான். எல்லாம் ஒரே நாளில் எடுத்தது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சாட், ஃபோன் பில், அவன் கட்டுகிற வாடகைச் சீட்டில் என் பெயர், இதெல்லாம் சேர்த்தோம். கடைசியாக ஒன்று பாக்கி. எங்கள் கல்யாணத்தை நேரில் அறிந்த ஒருவர், தான் கண்டதை உறுதிமொழியோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மாதமாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர் ஒருவர்தான்.

அப்பாவிடம் சொன்னேன். என்ன எழுத வேண்டும் என்றார். உங்களுக்குத் தெரிந்ததை, எங்களைப் பற்றி, ஒரு பக்கம் போதும் என்றேன். கடைசித் தேதி எது என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. ஆறரைக்கு நடை, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குப் பேப்பர். நான் வெள்ளைத்தாளும் பேனாவும் மேஜையில் வைத்துப் பார்த்தேன். பேனாவை எடுத்துக் குறுக்கெழுத்துப் போட்டார். பட்டாளத்தில் இருந்து ரிடையர் ஆனவர்கள் தெருவெல்லாம் இருக்கிற காலனி எங்கள் சைனிக்புரி. அவர்களைக்கூட ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வைத்துவிடலாம் போலிருந்தது, இவரிடம் தலையால் தண்ணீர் குடித்தாலும் நடக்காது.

பதினெட்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவரை நிறுத்தினேன்.

“எழுதிட்டா நான் போயிருவேன்னுதானே எழுதாம இருக்கீங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “பாக்காம என்னத்த எழுதுதது? இன்னும் பத்து நாள் கெடக்குல்லா” என்றார். கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மாதமாகக் கண்ணெதிரே இருக்கிறேன், இன்னும் என்ன பார்க்க வேண்டும்? அன்று மூன்று மணிக்கு அவனிடம் அழுதேன். அப்பாவுக்கு நான் இங்கேயே இருக்க வேண்டும், அதை வாய் விட்டுச் சொல்லவும் தெரியவில்லை, அதனால் காகிதத்தை எழுதாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். மாமாவைக் கட்டாயப்படுத்தாதே, நக்கோ, எங்கள் சித்தப்பாவிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றான். அவனிடம் சொல்லாத ஒன்றும் எனக்குள் இருந்தது. அப்பா எழுதாமலே இருந்து, அந்த நாளும் தாண்டிப்போனால், நானாக எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அக்டோபர் பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அன்றிலிருந்து அவனுடைய ஏழரை எனக்கு இரண்டு மணி. நான் மூன்றை விட்டுவிட்டு இரண்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தேன். அப்பா பேப்பருக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

இருபத்தாறாம் நாள் காலையில் நடை முடித்து வந்தவர், மூன்று தாள்களை என் முன்னால் வைத்தார். கறுப்பு மை, ஆங்கிலம், நேர் நேரான எழுத்து. ஒவ்வொரு தாளின் மூலையிலும் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பக்க எண். பத்தி பத்தியாக நம்பர். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லேபில் அப்பா என்ன செய்தார் என்று தெரியாது. ஆனால் எதையோ பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் எழுதியிருந்தது ஒரு பரிசோதனை அறிக்கை.

என் தமிழில் சொல்கிறேன். முதலில், கீழே கையெழுத்திடுபவர் இந்தப் பெண்ணின் தந்தை என்றிருந்தது. கவனித்த காலம் இருபத்தைந்து நாள், அதற்கு முந்தையவை நினைவிலிருந்து எழுதப்பட்டவை, அவை தனியே குறிக்கப்பட்டுள்ளன என்றிருந்தது. இரண்டாவது பத்தி இப்படி: ‘மகள் தினமும் ஒரு மணிக்கு எனக்குப் பரிமாறுகிறாள். தனக்குப் பசிக்கவில்லை என்கிறாள். இது உண்மையல்ல. பரிமாறும் முன் அவள் நின்றபடியே அப்பளம் தின்பதைப் பதினோரு முறை பார்த்தேன்.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘மூன்று மணிக்கு அவள் தன் கணவனோடு, ஃபோன் வழியாக, சாப்பிடுகிறாள். ஏறத்தாழ நாற்பது நிமிஷம். பேச்சில் முக்கியமான விஷயம் எதுவும் இல்லை. அதில் பத்து நிமிஷமாவது இருவரும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். இருவரில் யாரும் இணைப்பைத் துண்டிப்பதில்லை. நானும் என் மனைவியும் முப்பத்தெட்டு வருஷம் இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆகவே இது என்னவென்று எனக்குத் தெரியும்.’

நான்காவது: ‘அக்டோபர் முதல் ஞாயிறு அன்று சாப்பாட்டு நேரம் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாறியது. காரணம் தெரியாததால் விசாரித்தேன். அன்று அந்த நாட்டில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படுகிறது. இந்த வீட்டில் எந்தக் கடிகாரமும் மாறவில்லை. மகள் மட்டும் மாறினாள்.’

ஐந்தாவது, முடிவு. ‘இந்தத் திருமணம் நல்ல முறையில் செயல்படுகிறது. தூரத்தினால் பழுது எதுவும் காணப்படவில்லை.’

ஆறாவதாக ஒன்று இருந்தது. யாரும் கேட்காதது. ‘கையெழுத்திடுபவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார். தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்வார். அவரைக் கவனிக்க மகள் இங்கே தங்க வேண்டிய அவசியம் இல்லை.’ அதற்குக் கீழே, மேலே சொன்னவை அனைத்தும் உண்மை, பொய் சொல்வது குற்றம் என்று அறிவேன் என்ற உறுதிமொழி வரி. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து.

நான் அழுதேன். தேம்பித் தேம்பி, மூக்கு ஒழுக அழுதேன். பதினெட்டு நாள் அந்த மனுஷனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன், அவனிடம் என்னவெல்லாம் சொன்னேன். அவரோ பேப்பருக்குப் பின்னாலிருந்து நான் அப்பளம் தின்பதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், என்னை அனுப்பிவைப்பதற்காக.

நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

“ஆறாவது பாயிண்ட் பொய்ப்பா. உங்களுக்கு அடுப்புப் பத்த வைக்கவே தெரியாது” என்றேன்.

அப்பா தாள்களை வாங்கி, ஒருதடவை படித்துப் பார்த்து, ஓரம் ஒட்டி அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“அதத் திருத்தாண்டாம். நெசமாக்கிரலாம். குக்கர் எப்படி வைக்கணும்னு சொல்லு” என்றார்.

அன்றைக்கே ஆரம்பித்தார். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு பொய்யில் கையெழுத்துப் போடாதவர் போலிருக்கிறது, அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நோட்டில் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை விசில், ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று எழுதிக்கொண்டார். எலுமிச்சை அளவு புளி என்றேன், எந்த எலுமிச்சை என்று கேட்டார். நல்ல எரிச்சல் வந்தது. அப்புறம் ஒரு எலுமிச்சையை எடுத்து மேஜையில் வைத்தேன், நூலால் சுற்றளவை அளந்து குறித்துக்கொண்டார். முதல் நாள் ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை. நவம்பர் கடைசியில் ஒருநாள் அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டபோது அம்மா வைத்தது மாதிரியே இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவர் ரசத்தை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.

டிசம்பரில் நிரந்தர வசிப்புரிமை வந்தது. நிரந்தரம் என்று பெயர்தான், வெளியே போய்த் திரும்பி வருகிற அனுமதி ஐந்து வருஷத்துக்குத்தான் என்று கீழே போட்டிருந்தது. மெயிலை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். டிக்கெட் பார் என்றார். ஜனவரியில் கிளம்பினேன். டாக்ஸி வரும்வரை இருவரும் வாசலில் நின்றோம். எங்கள் வழக்கப்படி, அப்பா என்னிடம் எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டார்.

இப்போது மெல்பர்னில் நானும் அவனும் ஏழரைக்குச் சாப்பிட உட்காருகிறோம். நடுவில் ஊறுகாய் பாட்டில், அதில் சாய்த்த ஃபோன், ஃபோனில் அப்பா. அவர் எதிரிலும் ஒரு தட்டு இருக்கும். போன புதிதில் அதை நான் கவனிக்கவே இல்லை. அவர் பார்க்கிற ஆள், நான் பேசுகிற ஆள். ஏப்ரலில் இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளினார்கள். மறுநாள் கூப்பிட்டபோது அங்கே மணி மூன்று. அப்போதும் அவர் எதிரில் தட்டு, அதில் தொடாத சோறு, பக்கத்தில் கிண்ணத்தில் ரசம்.

சமைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டேன். பன்னிரண்டரைக்கே ஆகிவிட்டது என்றார்.

“ஒரு மணிக்கே சாப்பிட வேண்டியதுதானேப்பா?” என்றேன்.

“பசிக்கல” என்றார் அப்பா.

எனக்கு அந்தப் பொய்யை நன்றாகத் தெரியும். அதே மேஜையில், பத்து மாதம், தினமும் அவரிடம் அதைச் சொன்னவள் நான்.